சைகோனுக்குப் படித்த வினைச்சொற்கள்

சைகோனிலிருந்து விடுப்பில் வந்த என் வீட்டுக்காரர் எனக்கென்று கொண்டுவந்தது ஒரு பிரெஞ்சு இலக்கணப் புத்தகம். கல்யாணமான கையோடு கப்பலேறிப் போன மனிதர் இரண்டு வருஷம் கழித்து வந்து பெட்டியைத் திறக்கிறார், வீடே சுற்றி நிற்கிறது. மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, ஒரு குடை. அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, சீனப்பட்டு. செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்காளுக்கு, என் மதினிக்கு, ஒரு சென்ட் புட்டி. எனக்குச் சிவப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகம். நடுவில் சங்கிலி கிங்கிலி ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாரோ என்று உதறிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

"படிச்சுக்கோ. படிச்சாத்தான் அங்க கூட்டிட்டுப் போக முடியும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தகத்தைப் பார்த்து அல்ல, கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சைக் கேட்டு. அது வரைக்கும் அந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு பேச்சையே எடுத்ததில்லை.

முப்பதுகளின் நடுவில், தென்காசியில் நடந்தது இது. அவர் சின்ன வயதிலேயே காரைக்காலில் இருந்த தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். அங்கேயே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, சைகோனில் ஒரு பிரெஞ்சு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா வேலைக்குப் போனார். நான் சுரண்டைக்காரி. எட்டாவது வரைக்கும் படித்திருந்தேன். படிப்பு எட்டாவதோடு நின்றாலும் வாய் காலேஜ் வரைக்கும் போகும் என்று என் அப்பா சொல்லுவார். கல்யாணமாகி வந்த வீட்டில் புருஷன் இல்லாமல் இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. நேரத்துக்குச் சோறு கிடைத்தது, நல்ல நாளில் புதுப் புடவை கிடைத்தது. ஆனால் விருந்துக்கு வந்தவள் ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்டது போல இருந்தது. எனக்குப் போக வேண்டும். கப்பலைப் பார்க்க வேண்டும், எனக்கென்று ஒரு அடுப்பு மூட்ட வேண்டும், ராத்திரி சாப்பாட்டை அவருக்கு நானே எடுத்து வைக்க வேண்டும். இதைவிடப் பெரிய ஆசை எனக்கு அப்போது எதுவும் இல்லை.

மாமா சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. நிலபுலமும் கோயில் காரியமுமாக இருந்த மனிதர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அது சொன்னபடி நிற்கும். மகன் என்னைக் கூட்டிப் போகக் கேட்டதும் சொன்னார்.

"நீ காலையில வேலைக்குப் போயிருவே. ஒரு கை உப்பு வேணும்னாக்கூட அவ யாருட்ட கேப்பா? அந்தப் பாஷையில நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சுக்கிடட்டும், அனுப்புதேன். தெரியலேன்னா இங்கன இருக்கட்டும்."

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் வழக்கம்போல் வீட்டோடு குற்றாலத்துக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே தென்னந்தோப்பை ஒட்டி எங்களுக்கு ஒரு பழைய வீடு உண்டு. சீசன் முடிவதற்குள் நான் பேசியாக வேண்டும். பின்கட்டில் ஒரு பெஞ்சு, ஒரு சிலேட்டு, ஒரு பல்பம். சுவரில் ஈரம் கசியும். அருவிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் பகலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே சாக்கு பிரெஞ்சுதான். அதனாலேயே எனக்கு அந்த மொழி பிடித்துப்போனது.

முதலில் வந்த வினைகள் எல்லாம் சாதுவானவை. வாலை மட்டும் மாற்றிக்கொண்டு வரிசையாக நிற்கும். இவ்வளவுதானா என்று நான் மெத்தனமாக இருந்தேன். அப்புறம் ஒரு நாள் "வருவது" என்ற வினையைச் சிலேட்டில் எழுதினார். ஜெ வியேன், து வியேன், இல் வியேன். சரி. நூ வெனோன், வூ வெனே. எங்கே போனது அந்த வியேன்? நான் சிலேட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அடுத்து "அவர்கள்" என்று வந்ததும் மறுபடி வியேன் முளைத்துவிட்டது.

"இது என்ன, வேரே மாறுது?" என்றேன்.

"மாறும். நான், நீ, அவன், அவங்க, இந்த நாலு பேருட்டயும் ஒரு வேரு. நாம, நீங்கன்னு வந்தா இன்னொரு வேரு."

"ஆளைப் பாத்து முகத்தை மாத்துத சொல்லா? நல்லா இருக்கே!"

அவர் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நம்ம ஊருலயும் இப்படித்தான. 'வா'ங்கோம். 'வந்தேன்'ங்கோம். 'வாரேன்'ங்கோம். வா, வ, வாருன்னு வேரு மாறுதுல்லா. சின்னப் பிள்ளைக்கு யாரு இதைச் சொல்லிக் குடுத்தா?" என்றேன். அவர் பல்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷம் அந்த மொழியில் இருந்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்குப் பூராவும் நான் தரையில் நடக்கவில்லை.

அதற்கப்புறம் எனக்கு வெறி பிடித்துவிட்டது. அரிசியில் கல் பொறுக்கும்போதும், தலை உலர்த்தும்போதும், வாய் ஓயாது. "முடியும்" என்பதற்கு அவர்கள் வினை ஜெ பே, து பே, இல் பே என்று போகும். அதை நான் அம்மியடியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"ஏட்டி, என்ன ஊமைச்சி மாதிரி பே பேங்கே? ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"முடியும்னு அர்த்தம் அத்தை."

"முடியுங்கதுக்கே இந்தப் பாடா? முடியாதுன்னா என்ன செய்வாகளோ!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அத்தை பொல்லாதவள் இல்லை. அவளுக்கு என்னைப் பிடிக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

குடிப்பது என்ற வினையைக் காப்பித் தம்ளரோடு படித்தேன். வாங்குவதை வாழைக்காய்க்காரியிடம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். விரும்புவது, பிடித்துக்கொள்வது எல்லாம் வந்துவிட்டது. மாமா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "எங்க, உப்பு கேளு பாப்போம்" என்றார். எனக்கு உப்பு வேண்டும், எங்களுக்கு உப்பு வேண்டும், நீங்கள் உப்பு விற்கிறீர்களா என்று மூச்சு விடாமல் கேட்டேன். மாமா மகனைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையசைத்தார். அன்றைக்குச் சாயங்காலமே மாமா தையற்காரரை வரச்சொல்லி எனக்கு ரவிக்கைகள் தைக்கக் கொடுத்தார். ரவிக்கை வந்தால் கப்பல் வந்த மாதிரிதான்.

அப்புறம் வந்தது ஆடி வெள்ளி. காலையில் தலைக்குக் குளித்து, கோலம் போட்டு, விளக்கேற்றிவிட்டுப் பாடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். சிலேட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். ஜெ மேர், து மேர், இல் மேர், நூ மூரோன், வூ மூரே, இல் மேர். பார்க்க நன்றாக இருந்தது. சொல்லவும் நன்றாக இருந்தது. மேர் மேர் என்று இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"சாகுறது."

எனக்குத் திக்கென்றது. எங்கள் வீடுகளில் விளக்கை அணைக்கச் சொல்லமாட்டார்கள், குளிர வைக்கச் சொல்லுவார்கள். அரிசி தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்லக் கூடாது, நிறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு பாம்பை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், கயிறு என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில், விளக்கெரிகிற ஆடி வெள்ளிக்கிழமையில், நான் சாகிறேன், நீ சாகிறாய், அவன் சாகிறான் என்று ராகம் போட்டுப் படித்திருக்கிறேன்.

"இன்னைக்கு இது வேண்டாங்க. நாளைக்குப் படிக்கேன்."

"சும்மா இரு. சொன்னா யாரும் செத்துருவாகளா? சொல்லு வெறும் காத்து. அங்க பத்திரிகையில தெனமும் வர்ற வார்த்தை. ஆஸ்பத்திரிக்குப் போனா இது தெரியாம எப்படி? படி."

படித்தேன். அவர் எவ்வளவோ படித்தவர், பயப்படாமல் பேசுகிறார், அப்படியானால் பயப்பட ஒன்றும் இருக்காது என்று எனக்கும் தோன்றிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்தத் தைரியம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பாடம் முடிந்ததும் கோவை இலையால் சிலேட்டைச் சுத்தமாகத் துடைத்து வைத்தேன்.

மதினி சீசனுக்கு வந்திருந்தாள். அடுக்களையில் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும், "இன்னைக்கு என்ன பாடம், துரைசானி அம்மா?" என்று சீண்டினாள். எப்போதும் அப்படித்தான் கேட்பாள், நானும் வாயாடுவேன். அன்றைக்கும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"நான் சாகுதேன், நீ சாகுதே, அவன் சாகுதான்."

மதினியின் கை மாவிலேயே நின்றுவிட்டது. நான் சிரிப்பை விழுங்கினேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு பூஜை அறைக்குப் போய், திருநீற்றை அள்ளி வந்து கதவு நிலையிலெல்லாம் பூசினாள்.

நடுப்பகலில் என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அருவிக்குக் குளிக்கப் போனவர் பாசி வழுக்கிப் பாறையில் விழுந்திருக்கிறார். தலையில் சுற்றிய துண்டு முழுக்க ரத்தம். நான் கிட்டப் போவதற்குள் அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு மகன் மேல் விழுந்தாள். தென்காசிக்கு வண்டி அனுப்பி டாக்டரைக் கூட்டி வந்தார்கள். டாக்டர் இவர் நெற்றியில் தையல் போட்டுவிட்டு, எலும்புக்கு ஒன்றும் இல்லை, சில நாள் படுத்திருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், மதினி வெடித்தாள்.

"காலையிலேயே இவ வாயால கொன்னுட்டாளே என் தம்பியை! அவன் சாகுதான், அவன் சாகுதான்னு பாட்டு மாதிரிச் சொன்னா. என் காதால கேட்டேன்!"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே கிடையாது. "நெசமாட்டீ?" என்று கேட்டாள். பாடத்தில் வந்தது, பாடத்தைத்தான் சொன்னேன் என்றேன். மாமா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து மகன் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சத்தமே போடாமல் கேட்டார்.

"இந்தப் பாடத்தை யாரு குடுத்தது?"

நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்துதான் இருந்தார். தான்தான் கொடுத்தது, அது வெறும் சொல், பயப்படாதீர்கள் என்று காலையில் என்னிடம் சொன்னதையே இவர்களுக்கும் ஒரு தரம் சொன்னால் போதும். வசவு கொஞ்சம் விழும், விழட்டும், அதோடு முடிந்துவிடும் என்று நான் காத்திருந்தேன்.

"நான் குடுக்கல. புஸ்தகத்துல கெடந்ததை அவளாப் பாத்துப் படிச்சிருப்பா" என்றார்.

எனக்குக் காது அடைத்துப்போனது. அருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பொய்யை நான் அதற்கு முன் கேட்டதில்லையா? சுரண்டைச் சந்தையில் வளர்ந்தவள் நான். ஆனால் என்னை வைத்துக்கொண்டே, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, காலை வரைக்கும் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்த மனிதர் இப்படிச் சொல்லக்கூடும் என்று எனக்குச் சொப்பனத்தில்கூடத் தோன்றியதில்லை.

"இவுகதான் சிலேட்டுல எழுதி வச்சிருந்தாக. நான் வேண்டாம்னு சொன்னேன், இவுகதான் படின்னாக."

"அடிபட்டுக் கெடக்கான். அவனைப் பொய்யன்ங்கியா நீ?" என்றாள் அத்தை. நான் சிலேட்டைத் தேடி ஓடினேன். கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தது, நான்தானே துடைத்தேன். இனி யார் என்னை நம்புவார்கள்?

மறுநாள் கஞ்சி கொடுக்கப் போனபோது அவரே பேச்சை எடுத்தார். குரலைத் தணித்துக்கொண்டு, நயமாக, பாடம் சொல்லுகிற மாதிரியே விளக்கினார். அப்பாவுக்கு ஏற்கெனவே தான் சாமி கும்பிடாத ஆளாகத் திரும்பி வந்திருக்கிறோம் என்று வருத்தமாம். இதுவும் தன் வேலை என்று தெரிந்தால் தன்னையே மறுபடி கப்பலேறவிடமாட்டாராம்.

"நீ ஒத்துக்கிட்டேன்னா முடிஞ்சுது. அறியாம செஞ்சிட்டேன்னு கால்ல விழு. பொம்பளைப் பிள்ளை, மன்னிச்சுருவாக. அப்புறம் ரெண்டு பேருமா போயிரலாம்."

"மன்னிப்பாக. ஆனா மகனைச் சாகச் சொன்னவளை மகன்கூட அனுப்புவாகளா? நீங்க போயிருவீக. நான் இங்கன அந்தப் பேரோட கெடக்கணும். செய்யாததை நான் ஒத்துக்கிட மாட்டேன்."

"பிடிவாதக்காரி" என்றார். அதில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் என் பேச்சில் நின்றேன், அவர் தன் பேச்சில் நின்றார். வீட்டில் எல்லோரும் என்னோடு பேசுவதை விட்டார்கள். தைத்து வந்த ரவிக்கைகளை அத்தை தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். கடைசியில் மாமா ஒரு வழி சொன்னார். இலஞ்சிக்குப் போய் முருகன் சந்நிதியில் சூடம் அடிக்க வேண்டியது.

எங்கள் பக்கத்தில் எந்த வழக்குக்கும் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. சாமிக்கு நேரே சூடத்தைக் கொளுத்தி வைப்பார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னால் சத்தியம். பொய்ச் சத்தியம் செய்த கை விளங்காது, குடும்பம் தழைக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுரண்டையில் எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரர் வரப்புத் தகராறில் கோர்ட்டு கோர்ட்டாக ஏறிக் கூசாமல் பொய் சொன்னவர். என் அப்பா சூடம் அடிக்கக் கூப்பிட்டதும், கோயில் வாசல் வரைக்கும் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தேன்.

"நானே அடிக்கேன் மாமா" என்றேன்.

"பொம்பளை அடிக்க வேண்டாம். அவன் அடிக்கட்டும். அவனுக்குக் கை வரலேன்னா உன் பேச்சுதான் மெய். நீ அவன்கூடக் கப்பலேறலாம், நானே வந்து ஏத்திவிடுதேன். அடிச்சிட்டான்னா நீ இங்கன இருக்கணும்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவர் கை வராது. யாருக்குத்தான் வரும்? போகிற வழியெல்லாம், வில்வண்டிக்குள் உட்கார்ந்து, சைகோனில் போய் இறங்கி முதலில் எந்த வினையைச் சொல்லுவது என்றுகூட யோசித்துக்கொண்டு போனேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

சந்நிதியில் கூட்டம் இல்லை. கல்தரையில் வெற்றிலை வைத்து அதன் மேல் சூடத்தைக் கொளுத்தினார்கள். அவர் நெற்றியில் கட்டு இன்னும் இருந்தது. சுடர் அந்தக் கட்டின் மேல் மஞ்சளாக விழுந்தது. இவர் பிடிவாதத்தில் அடித்தே விட்டால்? ஏற்கெனவே ஒரு தரம் தலை உடைந்திருக்கிறது. பொய்ச் சத்தியம் இவரை என்ன செய்யும்? கப்பலாவது சைகோனாவது என்று ஆகிவிட்டது எனக்கு. ஆள் உயிரோடு இருந்தால் போதும். எந்தப் பேர் வந்தாலும் வரட்டும் என்று ஒரு அடி முன்னால் வந்தேன்.

"மாமா, வேண்டாம், நாந்தான்..."

பட்டென்று ஒரு சத்தம். முடிந்துவிட்டது. தயங்கவில்லை, நடுங்கவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. கொசுவை அடிக்கிற மாதிரி அடித்தார். "நான் அந்தப் பாடத்தைச் சொல்லிக் குடுக்கல. சத்தியம்" என்று தெளிவாகச் சொன்னார். உள்ளங்கைக் கரியை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டார். மாமா கண்ணை மூடிக் கும்பிட்டார். அத்தை அழுதாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வாயில் பாதிச் சொல் அப்படியே இருந்தது. அதை முழுங்கவும் தெரியவில்லை, துப்பவும் தெரியவில்லை.

திரும்பும்போது அவர் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். மாமாவும் அத்தையும் முன்வண்டியில் போய்விட்டார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கே? சூடம் ஜப்பான்லருந்து டப்பாவுல வர்ற சரக்கு. எரியும், அணையும். அதுக்குக் கண்ணா காதா? வீட்டுல நிம்மதி வேணும்னா இப்படி ஏதாவது செஞ்சுதான ஆகணும்."

"பொய் சொன்னீகளே" என்றேன். எனக்கு வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

"வெறும் சொல்லுதான? விடு. அடுத்த வருஷம் அப்பா மனசு மாறிரும், நானே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

சாமி அவரைத் தண்டிக்கும் என்று நான் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காயம் அழகாக ஆறியது. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். என்னோடு மறுபடி பிரியமாகக்கூடப் பேசினார். பாடத்தைத் தொடரலாமா என்று கேட்டார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி. பயம் இல்லாதவர் என்று நான் பெருமைப்பட்டேனே, அந்தப் பயம் இல்லாமை இதுவா? சொல்லுக்குப் பயப்படாதவர் உண்மைக்காவது பயப்படுவார் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

சீசன் முடிந்து தென்காசிக்கு வந்தோம். அவர் புறப்படுகிற நாளில் எல்லோரும் ரயிலடிக்குப் போனோம். நான் ஒரு துணிப்பையில் என் இரண்டு புடவைகளை வைத்துக் கையில் வைத்திருந்தேன். வழியில் அவருக்குச் சாப்பாடாக இருக்கும் என்று அத்தை நினைத்திருப்பாள், கேட்கவில்லை. வண்டி வந்தது. அவர் மாமா காலில் விழுந்தார், அத்தையிடம் திருநீறு பூசிக்கொண்டார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அடுத்த வருஷம் வந்து கூட்டிட்டுப் போவேன். சத்தியமா."

அத்தை சந்தோஷத்தில் என் தோளைத் தட்டினாள். மாமாகூடத் தலையசைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை எவ்வளவு சுளுவாக வருகிறது அவருக்கு! இலஞ்சியில் எந்த முகத்தோடு சொன்னாரோ அதே முகம். இந்தத் தரம் உண்மையாகவே சொல்லுகிறாரோ என்னவோ. அவருக்கே தெரியுமா? எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. என் ஆசை முழுவதையும் இந்த வாயை நம்பி வைத்திருந்தேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

"நீங்க வர வேண்டாம்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்குவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என்னவோ கேட்டுக்கொண்டே போனார்.

ரயிலடி வாசலில் சுரண்டை பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. யாரிடமும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன். மாமா திகைத்துப்போய்க் குடையை ஊன்றி நின்றுவிட்டார். அத்தை ஓடி வந்து பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, எங்கன கெளம்பிட்டே?"

"அப்பா வீட்டுக்கு."

"ஒரு வார்த்தை சொல்லாமலா? சரி, இருந்துட்டு வா. போய்ட்டு வாரேன்னு சொல்லிட்டாவது போட்டி."

புகுந்த வீட்டிலிருந்து கிளம்புகிற எந்தப் பெண்ணும் சொல்லுகிற சொல் அது. நான் சொல்லியிருந்தால் அவளும் நிம்மதியாகக் கம்பியை விட்டிருப்பாள்.

"போறேன் அத்தை" என்றேன்.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.